வீட்டுக் கதவைத் தட்டுவதா, சம்பளப் பட்டியலைப் படிப்பதா? மலேசியாவின் வேலைக் கணக்குக்கு எது சரி

மலேசியப் புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் வேலையில்லாதோர் விகிதத்தை அறிவிக்கிறது. நாட்டில் உள்ள சம்பளச் சீட்டுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து அந்த எண் வருவதில்லை. தேர்ந்தெடுத்த வீடுகளில் உள்ளவர்களிடம், போன வாரம் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கோ லாபத்துக்கோ குடும்பத் தொழிலிலோ வேலை செய்தீர்களா என்று கேட்டு எடுக்கும் கணக்கு அது. 1974 முதல் இந்தத் தொழிலாளர் கணக்கெடுப்பு நடந்து வருகிறது.

இன்னொரு பக்கம், ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் முதலாளிகள் தங்கள் ஊழியர்களின் பெயர், அடையாள அட்டை எண், சம்பளம் ஆகியவற்றை இபிஎப் (ஊழியர் சேமநிதி வாரியம்), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம்), வருமான வரி வாரியம் ஆகிய மூன்றுக்கும் அனுப்பியாக வேண்டும். இவ்வளவு தகவல் கையில் இருக்கும்போது வீடு வீடாகப் போய்க் கேட்பானேன் என்ற கேள்வி நியாயமானதுதான். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நார்வே போன்ற நாடுகள் சம்பளப் பட்டியலில் இருந்து புள்ளிவிவரம் எடுத்துக் காட்டியும் இருக்கின்றன.

நான் பினாங்கில், பிறை வட்டாரத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறவன். அந்தப் பட்டியல்களை அனுப்புகிற இடத்தில் இருந்து பார்த்து எனக்கு ஏற்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதாந்திர வேலை எண்ணிக்கைக்கும் சம்பள அளவுக்கும் இபிஎப், சொக்சோ பதிவுகளைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். பிசிபி எனப்படும் மாதச் சம்பள வரிப் பிடித்தத்தை அதற்கு அடிப்படையாக வைக்கக் கூடாது. வீட்டுக் கணக்கெடுப்புக்கான ஒதுக்கீட்டில் ஒரு சென்னும் குறைக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

பிரிட்டன் போன வழி

பிரிட்டனின் வரித்துறை 2013 ஏப்ரலில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தோம், எவ்வளவு வரி பிடித்தோம் என்பதை முதலாளி சம்பளம் போடும் நாளிலோ அதற்கு முன்போ கணினி வழியே தெரிவித்துவிட வேண்டும். அதற்கு முன்பு, யார் யாருக்கு எவ்வளவு என்ற விவரம் ஆண்டு முடிந்த பிறகுதான் வரித்துறைக்கு வந்துகொண்டிருந்தது. வரி வசூலுக்காகச் செய்த ஏற்பாடு இது. அதே தகவலைக் கொண்டு 2019 டிசம்பர் முதல் தேசியப் புள்ளிவிவர அலுவலகமும் வரித்துறையும் சேர்ந்து மாதாந்திர வேலை, சம்பளப் புள்ளிவிவரத்தை வெளியிடத் தொடங்கின. சில மாதங்களிலேயே பெருந்தொற்று வந்தது. மாதம் முடிந்த சில வாரங்களுக்குள் எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் இருந்து விழுந்தார்கள் என்று சொல்ல அவர்களுக்கு இந்த வழி இருந்தது.

அதன் உண்மையான மதிப்பு தெரிந்தது 2023இல். பிரிட்டனின் வீட்டுக் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்வோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, தேர்ந்தெடுத்த வீடுகளில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பதில் தராத நிலை வந்தது. அந்த அக்டோபரில் வழக்கமான வேலையின்மை எண்களை வெளியிடுவதையே நிறுத்தினார்கள். பழைய எண்களை எடுத்து, சம்பளப் பட்டியலிலும் அரசு உதவித்தொகை கேட்போர் எண்ணிக்கையிலும் தெரிந்த ஏற்ற இறக்கத்தை வைத்து அவற்றை நகர்த்தி ஒரு மாற்று மதிப்பீட்டை வெளியிட்டார்கள். கணக்கெடுப்பு எண்கள் 2024 பிப்ரவரியில்தான் திரும்பி வந்தன. சம்பளப் பட்டியல் என்ற இரண்டாவது கால் இல்லாமல் இருந்திருந்தால் பிரிட்டனின் மத்திய வங்கி வட்டியை முடிவு செய்யக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டும்.

ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. முதல் மதிப்பீடு வெளியாகும்போது எல்லாப் பட்டியல்களும் வந்து சேர்ந்திருப்பதில்லை. வராத பகுதியை ஊகித்து நிரப்புகிறார்கள். 2025 ஜூனில் வெளியான முதல் மதிப்பீடு, மே மாதத்தில் சம்பளப் பட்டியலில் இருந்தோர் 109,000 பேர் குறைந்துவிட்டதாகச் சொன்னது. நாளிதழ்களில் அது தலைப்புச் செய்தி. அடுத்த மாதமே அந்த எண் 25,000 என்று திருத்தப்பட்டது. வேலைச் சந்தை சரிகிறது என்று முதல் எண்ணைப் பார்த்து முடிவு எடுத்தவர்கள், இல்லாத சரிவைப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வரிசை தலைகீழ். அங்கே நிறுவனங்களிடம் மாதாந்திரக் கணக்கெடுப்பு நடத்தி முதலில் எண் சொல்கிறார்கள். வேலையின்மைக் காப்பீட்டு வரிப் பதிவுகள் பல மாதம் கழித்து வருகின்றன, அவற்றோடு ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். 2025 செப்டம்பரில் வந்த முதற்கட்டத் திருத்தம், அந்த மார்ச் வரையிலான வேலை எண்ணிக்கை 911,000 கூடுதலாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்றது. வரிப் பதிவு முழுமையானது, ஆனால் தாமதம். கணக்கெடுப்பு விரைவானது, ஆனால் பிழை சேரும். எந்த நாடும் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவில்லை.

பிரிட்டனைப் போல் சம்பள விவரத்தை உடனுக்குடன் வரித்துறைக்குத் தெரிவிக்கும் முறையை ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டு சிறு முதலாளிகளையும் சேர்த்தது. 2020 ஏப்ரலில் வாராந்திரச் சம்பள வேலைக் கணக்கை முதன்முறையாக வெளியிட்டார்கள். மார்ச் 14 முடிந்த வாரத்துக்கும் ஏப்ரல் 4 முடிந்த வாரத்துக்கும் இடையே வேலைகள் 6 விழுக்காடு குறைந்திருந்தன. மூன்று வாரத்தில் நடந்ததை அதே மாதத்துக்குள் சொல்வது எந்த வீட்டுக் கணக்கெடுப்பாலும் ஆகாது. ஆனாலும் அவர்கள் எண்ணுவது வேலைகளை, ஆட்களை அல்ல. பகலில் பக்டரியிலும் வார இறுதியில் பேரங்காடியிலும் வேலை செய்பவர் அங்கே இரண்டு. பிரிட்டனில் அவர் ஒருவர். அது மட்டுமல்ல, அரசின் சம்பள மானியத்தால் வேலையே செய்யாமல் வீட்டில் இருந்தவர்களும் பட்டியலில் இருந்தார்கள். நமக்கும் 2020இல் சொக்சோ வழியாகச் சம்பள மானியம் வந்தது நினைவிருக்கும். சம்பளப் பட்டியல் பணம் போனதைச் சொல்லும். எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்று சொல்லாது.

ஒரே ஆள், மூன்று சம்பளம்

மலேசியாவில் சம்பளப் பட்டியல் என்று ஒரே பட்டியல் கிடையாது. இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறையில் ஒரு பக்டரி ஆப்பரேட்டர், உள்நாட்டவர், என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட், அதாவது 2025 பிப்ரவரி முதல் உள்ள குறைந்தபட்சச் சம்பளம். அந்த மாதம் ஓட்டி, அதாவது மிகைநேர வேலைக்கான சம்பளம், 900 ரிங்கிட். கையில் வரவேண்டிய மொத்தம் 2,600. சம்பளக் கிராணி இபிஎப் பட்டியலில் என்ன போடுகிறார்? 1,700. ஏனென்றால் இபிஎப் சட்டத்தில் ஓட்டி சம்பளத்தில் சேராது. சொக்சோ பட்டியலில்? 2,600. அங்கே ஓட்டி சேரும். பிசிபியில்? அவர் பெயரில் பிடித்தமே இல்லை, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாததால். ஒரே மாதம், ஒரே மனிதர், மூன்று அலுவலகங்களில் மூன்று விதமான பதிவு. தளங்களும் வேறு, கோப்பு வடிவங்களும் வேறு. ஒன்றில் பெயர் எழுத்துப் பிழை என்றால் அது மட்டும் திரும்பி வரும். மாதம் 10ஆம் தேதி தாண்டினால் எங்கள் அலுவலகங்களில் பேச்சுச் சத்தம் குறைந்துவிடும்.

ஆக, சம்பளம் உயர்ந்ததா என்ற கேள்விக்கு எந்தப் பட்டியலைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மின்னணுப் பொருள்களுக்கு ஆர்டர் குறைந்தால் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முதலில் போவது ஓட்டிதான், ஆள் அல்ல. சொக்சோ பதிவில் அது உடனே தெரியும். இபிஎப் பதிவில் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். ஆனால் சொக்சோவுக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2024 அக்டோபரில் அது 5,000 ரிங்கிட்டில் இருந்து 6,000 ஆனது. அதற்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு எவ்வளவு கூடினாலும் சந்தா அசையாது. குறைந்த சம்பளக்காரரின் மாத வருமானத்தைப் பார்க்கச் சொக்சோவும், மேல் சம்பளத்தைப் பார்க்க இபிஎப்பும் என்று இரண்டையும் இணைத்தால்தான் முழு உருவம் கிடைக்கும்.

பிசிபியை நான் ஒதுக்குவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் வரிப் பட்டியலே போதுமானதாக இருப்பதற்குக் காரணம், ஒரு நிறுவனம் அந்தத் திட்டத்தில் பதிந்துவிட்டால் வரி கட்டாத குறைந்த சம்பளக்காரர் உட்பட எல்லா ஊழியர்களையும் காட்ட வேண்டும் என்பதுதான். நம் பிசிபி 1995 முதல் இருக்கிறது. ஆனால் அது வரி பிடிக்கப்படுபவர்களின் மாதப் பட்டியல். இபிஎப் கழித்து ஆண்டுக்கு 37,333 ரிங்கிட்டுக்கு மேல் சம்பாதித்தால்தான் ஒருவர் வரிக் கோப்பு திறக்க வேண்டும். இபிஎப் கழிக்கும் முன் பார்த்தால் அது மாதம் ஏறத்தாழ 3,500 ரிங்கிட். முறைசார்ந்த துறையில் வேலை செய்யும் மலேசியர்களின் நடுமச் சம்பளம் (பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்கும் அளவு) 2025 தொடக்கத்தில் 3,000 ரிங்கிட் அளவில்தான் இருந்தது. அப்படியானால் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பட்டியலுக்கு வெளியே. எல்லா ஊழியர்களையும் காட்டும் பட்டியலை முதலாளிகள் வருமான வரி வாரியத்துக்கு அனுப்பத்தான் செய்கிறார்கள், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை. பிரிட்டன் செய்ததை அப்படியே இங்கே செய்யலாம் என்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் பிரிட்டனின் வரிப் பட்டியலுக்கு இணை, வரிப் பட்டியல் அல்ல. சேமநிதிப் பட்டியல்.

புள்ளிவிவரத் துறையும் இதை உணர்ந்துதான் நடந்திருக்கிறது. முறைசார்ந்த துறைச் சம்பளப் புள்ளிவிவரம் என்று காலாண்டுதோறும் வெளியிடுவது இத்தகைய நிர்வாகப் பதிவுகளைக் கொண்டுதான். ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியர்கள் இபிஎப்பில் இல்லை என்பதால் அவர்களுக்குப் பொதுச்சேவைத் துறையின் பதிவுகள் வேண்டும். காலாண்டை மாதமாக்குவதும், சம்பளத்தோடு வேலை எண்ணிக்கையையும் முன்னிறுத்துவதும்தான் அடுத்த படி. அதற்குப் புதிய சட்டமோ புதிய தளமோ முதலில் தேவையில்லை.

சட்டம் மாறினால் எண்ணும் மாறும்

நிர்வாகப் பதிவுகளில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அவை புள்ளிவிவரத்துக்காக உருவானவை அல்ல. எனவே விதி மாறும்போது எண்கள் தாவும். 2025 அக்டோபர் சம்பளத்தில் இருந்து, வீட்டுப் பணியாளர்கள் நீங்கலாக வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு என்று இபிஎப் கட்டாயமானது. எங்கள் வட்டாரத்தில் ஒரே மாதத்தில் இபிஎப் பட்டியல்கள் நீண்டன. ஒருவர்கூடப் புதிதாக வேலைக்கு வரவில்லை, நேற்றுவரை இருந்தவர்கள்தான் இன்று பதிவில் வந்தார்கள். குடிமக்களையும் மற்றவர்களையும் பிரிக்காமல் அந்த எண்ணை வெளியிட்டால் அது பொய்யான வளர்ச்சியைக் காட்டும்.

இதிலே வீட்டுக் கணக்கெடுப்பும் ஒன்றும் குறை இல்லாதது அல்ல. விடுதிகள், கட்டுமானத் தள கொங்சிகள் (தொழிலாளர் தற்காலிகக் குடியிருப்புகள்) போன்ற இடங்களில் தங்குபவர்களை அது சேர்ப்பதில்லை. பினாங்கின் பக்டரி விடுதிகளில் இருக்கும் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள் அதில் விடுபடுவார்கள். ஆனால் 2019 முதல் அவர்கள் வேலை விபத்துக் காப்பீட்டுக்காகச் சொக்சோ பதிவில் இருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் பட்டியல் கணக்கெடுப்பை மிஞ்சுகிறது.

பட்டியலில் இல்லாத நம்மவர்கள்

என் மனதை அதிகம் உறுத்துவது இந்தப் பகுதிதான்.

லிட்டில் இந்தியாவில் மாலை கட்டுபவர், வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர், லாரிக்கு நடைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் உதவியாள், தீபாவளிக்கு முன் ஒரு மாதம் துணிக்கடையில் நாள் சம்பளத்துக்கு நிற்கும் பெண், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் இளைஞர். இவர்களில் பெரும்பாலோருக்கு முதலாளி என்று பதிவு அனுப்ப யாரும் இல்லை. சொந்தமாகச் சொக்சோ கட்டும் திட்டம் இருந்தாலும் எல்லாரும் கட்டுவதில்லை. சம்பளப் பட்டியலில் மட்டும் நாட்டின் உழைப்பைத் தேடினால் இவர்கள் வேலை செய்பவர்களும் அல்ல, வேலையில்லாதவர்களும் அல்ல. கதவைத் தட்டி, போன வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டுமே இவர்கள் கணக்கில் வருவார்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்தார், இன்னும் செய்ய விருப்பம் இருந்தும் வேலை கிடைக்காமல் இருக்கிறாரா, பட்டம் படித்துவிட்டு அதற்குக் கீழான வேலையில் இருக்கிறாரா என்பதும் அப்படித்தான் தெரியும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம் வேலையின்மை 5.3 விழுக்காட்டைத் தொட்டதை நமக்குச் சொன்னதும் இந்தக் கணக்கெடுப்புதான்.

பதிவில் இருப்பவர்களும் தவறாகத் தெரியக் கூடும். பாதுகாவலர் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்டரியின் காவல் குத்தகை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கைமாறுகிறது. அண்ணன் ஒருவர் அதே கேட்டில், அதே ஷிப்டில், அதே நாற்காலியில் இருக்கிறார். சட்டையில் உள்ள சின்னம் மட்டும் மாறுகிறது. பழைய நிறுவனத்தின் இபிஎப் பதிவு மார்ச்சோடு நின்றுவிட, புதிய நிறுவனம் மே மாதம்தான் அவரைப் பதிகிறது. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு வேலை போய், ஒரு மாதம் சும்மா இருந்து, ஒரு வேலை வந்ததுபோல் தெரியும். அவரோ ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இதைவிட மோசம், சம்பளத்தில் இபிஎப் பிடித்துவிட்டு வாரியத்துக்குக் கட்டாமல் இருக்கும் குத்தகை நிறுவனங்கள். அங்கே உழைப்பவர் ஏற்கெனவே சேமிப்பை இழந்தவர். புள்ளிவிவரத்திலும் அவர் இல்லாமல் போவது இரட்டை அநீதி.

வேலைக் காப்பீட்டுத் திட்டத்தின் கோரிக்கைகளை வைத்து ஆட்குறைப்பை அளக்கலாம் என்ற யோசனையும் உண்டு. 2018இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், வேலை இழந்தவர் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் தகவல் விரைவாக வரும். பெரிய பக்டரி ஒன்று ஆள் குறைத்தால் அது நன்றாகத் தெரியும். ஆனால் குத்தகைக் காலம் முடிந்து வேலை போனவருக்கு அதில் இடமில்லை. எச்சரிக்கை மணியாகப் பயன்படும், எண்ணிக்கையாக அல்ல.

ஆனாலும் பட்டியல் ஏன் வேண்டும்

இவ்வளவு குறை சொன்ன பிறகும் சம்பளப் பட்டியலை நான் கேட்பதற்கு ஒரு காரணம், சிறிய வட்டாரம். மாதாந்திரக் கணக்கெடுப்பின் மாதிரி நாட்டுக்கு ஒரு எண் சொல்லப் போதும். செபராங் பிறை தெற்கில், 25 வயதுக்குக் கீழ் உள்ள, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பள்ளித் தேர்வு) மட்டும் முடித்த இந்தியப் பெண்கள் என்று குறுக்கிக்கொண்டே போனால் மாதிரியில் மிஞ்சுவது கைவிரலில் எண்ணும் அளவு. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நம் சமுதாயத்துக்கான திட்டங்களைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் சூடாகிறது. 2026 முதல் 2030 வரையிலான 13ஆவது மலேசியத் திட்டம் வந்தபோதும் அப்படித்தான். ஆனால் இளைஞர்கள் எந்த வட்டாரத்தில், எந்தத் தொழிலில், எவ்வளவு சம்பளத்தில் தேங்கி நிற்கிறார்கள் என்று கேட்டால் எல்லாருமே உத்தேசமாகத்தான் பேசுகிறார்கள். இபிஎப், சொக்சோ பதிவுகளை அடையாள அட்டை எண் வழியே தேசியப் பதிவுத் துறையின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தால் இதற்கு ஆண்டுதோறும், ஏன், காலாண்டுதோறும் விடை கிடைக்கும். பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்துச் சம்பளம் கூடியதா என்பதையும் பார்க்கலாம். கணக்கெடுப்பால் ஆகாத காரியம் இது.

அதற்கு முகவரி சரியாக இருக்க வேண்டும். தலைமை அலுவலகம் கோலாலம்பூரில் இருந்தால், பிறையில் வேலை செய்யும் ஊழியர்கள் பலர் அந்த முகவரியின் கீழ் விழுவார்கள். ஊழியரின் சொந்த முகவரியைப் பார்க்கலாம் என்றால், நம் பெரியவர்கள் பலரின் மைகார்டில் (அடையாள அட்டையில்) இன்னும் தோட்டத்துப் பெயர்தான் இருக்கிறது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, குடும்பம் புக்கிட் மெர்தாஜமுக்கு வந்து பிள்ளைகள் கல்யாணமும் முடிந்திருக்கும். அட்டை மட்டும் லயத்து வீட்டிலேயே இருக்கும்.

தனியுரிமை பற்றிய அச்சத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2024 ஜனவரியில் பாடு என்ற அரசின் குடும்ப விவரத் தரவுத் தளம் தொடங்கியபோது அதன் பாதுகாப்பு குறித்து எழுந்த கேள்விகள் பலருக்கு மறக்கவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு வரி விவரங்களைக் காக்கிறது. 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டத்திலும் தனிநபர் விவரத்தைக் காக்கும் விதிகள் இருக்கின்றன. மத்திய அரசு நிறுவனங்களுக்கு இடையே தகவல் பகிர வழிசெய்யும் சட்டம் 2025 ஏப்ரல் 28 முதல் நடப்பில் உள்ளது. பகிர்வது புள்ளிவிவரத்துக்கு மட்டுமே, அமலாக்கத்துக்கு அல்ல என்று வெளிப்படையாக எழுதி வைத்தால்தான் சிறு முதலாளிகள் ஒழுங்காகப் பதிவார்கள். புள்ளிவிவரத்துக்குக் கொடுத்த தகவல் அபராதமாகத் திரும்பி வரும் என்ற பேச்சு ஒரு முறை பரவினால் பதிவே சுருங்கிவிடும்.

நார்வே 2015 ஜனவரியில் செய்த ஒரு காரியத்தை நான் பொறாமையோடு பார்க்கிறேன். வரித்துறை, சமூகநல நிறுவனம், புள்ளிவிவர அலுவலகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலாளி மாதம் ஒரே ஓர் அறிக்கை அனுப்பினால் போதும். நமக்கும் ஒரே கோப்பு வரட்டும். அதில் அடிப்படைச் சம்பளம், ஓட்டி, அலவன்ஸ், போனஸ் தனித்தனிப் பத்திகளில் இருக்கட்டும். எந்த வாரியம் எதைச் சேர்க்கும் என்பதை வாரியத்தின் கணினி பார்த்துக்கொள்ளட்டும். அதோடு இன்னும் இரண்டே பத்திகள்: வேலை செய்த மணி நேரம், வேலை செய்யும் இடத்தின் அஞ்சல் குறியீடு. மணிக்கணக்கு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது இல்லாமல் ஓட்டி கணக்குப் போட முடியாது. அஞ்சல் குறியீட்டை ஒரு முறை போட்டால் இடம் மாறும்வரை கை வைக்க வேண்டியதில்லை.

அந்தக் கோப்பு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாதம் 15ஆம் தேதி முடிந்ததும் இருக்கும் பதிவுகளில் இருந்து வேலை எண்ணிக்கையை எடுத்து, சோதனைப் புள்ளிவிவரம் என்ற பெயரோடு அந்த மாதக் கடைசியில் வெளியிடலாம். முதல் எண் எவ்வளவு திருத்தப்பட்டது என்பதை ஒவ்வொரு மாதமும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். வீட்டுக் கணக்கெடுப்பின் எண்ணோடு அது எங்கே முரண்படுகிறதோ, அங்கே காரணம் குத்தகை மாற்றமா, விதி மாற்றமா, பதிவில்லாத உழைப்பா என்று துறையே எழுதிச் சொல்லட்டும்.